கேன்டீன் டேபிள்: ரெண்டு யானையும் ஒரு வெத்தலைப் பெட்டியும்

செமஸ்டர் முடிஞ்சு, எத்தனை அரியர் விழுமோன்னு வயித்துல புளியைக் கரைச்சுக்கிட்டு ஊருக்குப் போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். போன லீவுல அப்படித்தான் தொண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். பையில் பாதி அழுக்குத் துணி. மீதியில் கர்ச்சீப்பில் பத்திரமா சுத்தி வெச்ச ஒரு யானை!

நிஜ யானை இல்லை பாஸ். தொப்பியில் குத்துற பேட்ஜ். சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாட்பாரத்தில் பழைய கடிகாரம், ஓட்டை கேமரா நடுவே கிடந்தது. மேலே கிரீடம், நடுவில் நட்சத்திரம், கீழே குட்டியா ஒரு யானை, அதுக்கு மேலே 'அசாயே'ன்னு இங்கிலீஷ் எழுத்து. "1914 சண்டையில வெள்ளைக்காரன் போட்டது தம்பி, லண்டன்ல பத்தாயிரம் போகும்"னார் கடைக்காரர். ஆயிரம் சொன்னதை எழுநூறுக்குப் பேசி முடிச்சேன். மெஸ் பில்லுக்கு வெச்சிருந்த காசு. (அம்மா இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டாங்கங்கிற நம்பிக்கையில் எழுதறேன்.)

வீட்டுத் திண்ணையில் அதை எடுத்துக் காட்டினதும் பெரியப்பா கையில் வாங்கிப் பார்த்துட்டு சொன்னார்: "அட, எங்க தாத்தா வெச்சிருந்ததும் யானைதாண்டா. நேதாஜி படையில இருந்தாருல்ல!"

எங்க குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவா இருந்தாலும் சாப்பாட்டுப் பந்தி முடிஞ்சதும் பெரியப்பா இந்தக் கதையை ஆரம்பிச்சுடுவார். அப்பத்தாவோட அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, பர்மாவில் நேதாஜியோட ஐ.என்.ஏ.வில் சண்டை போட்டவர்னு. எங்க ராமநாதபுரம் பக்கம் இது நம்பக்கூடிய கதைதான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போனவங்க இந்தக் கரையில் ஊருக்கு ஊர் உண்டு. 1943-ல் நேதாஜி சிங்கப்பூரில் வந்து பொறுப்பேத்தப்போ அங்கே இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தாங்க. அதனால யாரும் குறுக்கே கேள்வி கேட்டதில்லை. நானும் ஸ்கூல் பேச்சுப் போட்டியில் அதைச் சொல்லி ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கேன்.

"அந்த யானை எங்கே பெரியப்பா?"

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்படியைப் பார்த்தாங்க. மேட்டர் என்னன்னா, போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிச்சப்போ பரணில் இருந்த தகரப் பெட்டியோட சேர்த்து பழைய பித்தளை எல்லாம் காயலான் கடைக்குப் போயிடுச்சு. பெல்ட் பக்கிள், பட்டன், இன்னும் என்னென்னவோ. எல்லாம் கிலோ கணக்கில்!

சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓடினேன். கடை பாய் ரொம்ப நல்ல மனுஷர், ஆனா சென்டிமென்ட் பார்க்கிற தொழில் இல்லையே அது. "தம்பி, அது அப்பவே லாரியில மதுரைக்குப் போயி உருகி, இந்நேரம் யார் வீட்டுலயோ குழாயா தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கும். ராசா தலை போட்டிருந்தா என்ன, ரோசாப்பூ போட்டிருந்தா என்ன? பித்தளை பித்தளைதான்"னார். என் மூஞ்சியைப் பார்த்துட்டு ஒரு பால் டின்னை எடுத்து முன்னாடி கவிழ்த்தார். உள்ளே அறுபது எழுபது பட்டன், பக்கிள், உடைஞ்ச பேட்ஜ். "வேணுங்கறதை எடுத்துக்க, எடைக் காசு குடு."

அங்கே உட்கார்ந்துதான் நான் பாடத்தையே ஆரம்பிச்சேன். சென்னையில் இருந்தப்போ கோட்டைக்குள்ள இருக்கிற ஃபோர்ட் மியூசியத்தை ரெண்டு தடவை சுத்தியிருக்கேன். 1948-ல் திறந்தது. பழைய யூனிஃபார்ம், மெடல் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கும். போலியைக் கண்டுபிடிக்கக் கத்துக்கணும்னா முதலில் அசலை நிறையப் பார்க்கணும், அது ஒண்ணுதான் வழி. லைப்ரரியில் கிடைச்சா கிப்ளிங், கிங்னு ரெண்டு பேர் சேர்ந்து எழுதின ரெண்டு வால்யூம் புத்தகத்தைப் புரட்டுங்க. பிரிட்டிஷ் தொப்பி பேட்ஜ் சேர்க்கிறவங்களுக்கு அதுதான் டெக்ஸ்ட் புக். (மோக்லி கதை எழுதின கிப்ளிங் இல்லை, இவர் வேற.)

பேட்ஜைக் கையில் எடுத்ததும் முதல்ல கிரீடத்தைப் பாருங்க. மேல் வளைவு ரெண்டு பக்கமும் உருண்டு, குடை மாதிரி இருந்தா அது ராஜா கிரீடம். 1901-ல் விக்டோரியா ராணி போனதிலிருந்து 1952 வரைக்கும் உள்ளது. வளைவு நடுவில் பள்ளமா இறங்கி, ஹார்ட்டின் போட்ட மாதிரி இருந்தா எலிசபெத் ராணி கிரீடம். அவங்க முடிசூட்டு விழா நடந்தது 1953-ல். இதில் இப்போ ஒரு புது வம்பு. 2022-ல் சார்லஸ் ராஜா மறுபடியும் அந்தக் குடை வடிவத்தையே தேர்ந்தெடுத்துட்டார். ஸோ, ராஜா கிரீடம்னாலே பழசுன்னு இனிமே கண்ணை மூடிக்கிட்டு சொல்ல முடியாது.

நம்ம ராணுவத்துக்கு இன்னொரு தேதி இருக்கு. 1950 ஜனவரி 26. அன்னியிலிருந்து கிரீடம் இருந்த இடத்துக்கு அசோகர் சிங்கம் வந்தது. பாயோட டின்னில் கிடைச்ச பட்டன்களில் முக்கால்வாசி சிங்கம்தான். அதாவது நம்ம தாத்தாக்கள் காலத்து ஜவான்கள் போட்டது. ஒண்ணே ஒண்ணில் மட்டும் தேஞ்சுபோன கிரீடம்.

நம்பர் இருந்தா இன்னும் ஈஸி. 1903-ல் தலைமைத் தளபதி கிச்சனர் எல்லா இந்தியப் பட்டாளத்துக்கும் வரிசையா புது நம்பர் போட்டார். அதில் பெரும்பாலான மெட்ராஸ் பட்டாளங்களுக்குப் பழைய நம்பரோட அறுபதைக் கூட்டிக்கிட்டாங்க. மூணா இருந்தது அறுபத்து மூணு ஆச்சு. '63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி'ன்னே ஒரு பட்டாளம் இருந்தது தெரியுமா? 1914-ல் கிழக்கு ஆப்பிரிக்கா டாங்கா வரைக்கும் போய் சண்டை போட்டிருக்காங்க. 1922-ல் மறுபடி எல்லாத்தையும் மாத்திட்டாங்க. அதனால 63-ன்னு நம்பரும் பாளையங்கோட்டைன்னு பேரும் சேர்ந்து இருந்தா அது 1903-க்கும் 1922-க்கும் நடுவில்தான். அதை யாராவது 1857 கலகத்தில் போட்டதுன்னு விற்றா, சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

இப்போ என் எழுநூறு ரூபாய் யானைக்கு வர்றேன். திண்ணையில் உட்கார்ந்து கிரீடத்தைப் பார்த்தேன். நடுவில் பள்ளம்! 1914 சண்டையில் 1953 கிரீடமா? டைம் மெஷின் இருந்தாத்தான் நடக்கும். சரி, 1950-கள்ல செஞ்ச அசலாவது இருக்கட்டும்னு திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் அடி.

இதை மெக்கானிக்கல் பசங்க சுலபமா புரிஞ்சுக்குவீங்க. அசல் பேட்ஜ் பெரும்பாலும் தகட்டை அச்சில் வெச்சு அடிச்சு எடுத்தது. முன்னாடி மேடா இருக்கிறது பின்னாடி பள்ளமா தெரியும். யானை முதுகு முன்னால் உப்பியிருந்தா பின்னால் குழியா இருக்கணும். போலியை அசலிலிருந்து மோல்டு எடுத்து உருக்கி ஊத்துவாங்க. பின்பக்கம் தட்டையா, ஊசிக் குத்து மாதிரி காத்துக் குமிழி தெரியும். எழுத்தோட முனை மழுங்கியிருக்கும். அப்புறம், ரெண்டாம் வருஷம் ஃபவுண்டரி லேபில் ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் எழுதின 'ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ்' ஞாபகம் இருக்கா? ஊத்தின பித்தளை ஆறும்போது சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். நாலரை சென்டிமீட்டர் பேட்ஜில் கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர். பக்கத்தில் அசல் ஒண்ணு இருந்தா வெர்னியர் வெச்சு அளந்தே சொல்லிடலாம். மூணு வருஷமா அந்த வெர்னியரை எதுக்குத் தூக்கிச் சுமந்தோம்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

என் யானைக்குப் பின்னால் குழி இல்லை, குமிழிதான் இருந்தது. யானைக்குக் கண்ணே இல்லை. தொப்பியில் சொருகுற பின் தகடு மட்டும் நேத்து கடையில் வாங்கினது மாதிரி பளபளன்னு. முன்பக்கம் நூறு வயசு, பின்பக்கம் நாலு மாசம்! அதிலும் அது நம்ம ஊர் யானையே இல்லை. ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரின்னு ஒரு ஸ்காட்லாந்துப் பட்டாளத்தோடது. 1803 செப்டம்பர் 23-ல் இன்னிக்கு மகாராஷ்டிராவில் இருக்கிற அசாயே கிராமத்தில் மராத்தியப் படையோட நடந்த சண்டையில் அவங்க முன்னோர் பட்டாளமும் இருந்தது, மெட்ராஸ் சிப்பாய்களும் இருந்தாங்க. ஜெயிச்சதுக்கு அடையாளமா ரெண்டு பக்கமும் யானை. அயர்லாந்தோட ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் பேட்ஜில்கூட புலியும் யானையும் உண்டு. அவங்களோட பூர்வீகம் மெட்ராஸில் கம்பெனி வெச்சிருந்த வெள்ளைக்காரப் பட்டாளம். ஆக, யானையைப் பார்த்ததும் நம்மாளுன்னு தாவக் கூடாது.

இன்னும் மோசமான போலியும் உண்டு. பர்மிங்காம் கம்பெனிகளோட பழைய அச்சையே வெச்சுப் புதுசா அடிக்கிறது. முன்பக்கம் அப்படியே அசல். பின்னாடி இருக்கிற கொக்கியும் பத்தவெச்ச ஈயமும்தான் காட்டிக்கொடுக்கும். பாகிஸ்தான் சியால்கோட்டில் கால்பந்து மாதிரியே இந்தப் பேட்ஜும் குடிசைத் தொழில். நேதாஜி படை பேட்ஜ்னு பாயுற புலி போட்ட துணி ஒட்டு நெட்டில் ஏகப்பட்டது கிடைக்கும். அசலாவே இருந்தாலும் அந்தப் புலி ஜெர்மனியில் இருந்த இந்தியப் படைப்பிரிவு கையில் தைச்சது. மலேயாவில் ரப்பர் வெட்டிட்டு ஐ.என்.ஏ.வில் சேர்ந்த நம்ம தாத்தாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

அதுக்காக கையில் கிடைச்சதை எல்லாம் போலின்னு வீசிடாதீங்க. ரெண்டாம் உலகப்போர் நடுவில் உலோகம் பத்தாம பிரிட்டிஷ்காரங்க பிளாஸ்டிக்லயே பேட்ஜ் செஞ்சாங்க. இன்னிக்கு அதுக்கும் மவுசு. முதல் உலகப்போர் மெடல் வெள்ளியில்தான் வரும்னு சொல்வாங்க. ஆனா கூலிப்படையில் போனவங்களுக்கு வெண்கலத்தில் கொடுத்தாங்க. அந்த வெண்கல மெடல் நம்ம ஊர்க்காரங்க வீட்டில் இருக்க வாய்ப்பு அதிகம்.

மொபைலில் டார்ச் அடிச்சு இத்தனை லெக்சரும் பெரியப்பாவுக்குக் கொடுத்து முடிக்கிறப்போ, மூலையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா வெத்தலைப் பெட்டியைத் திறந்தாங்க. கொட்டைப் பாக்குக்குக் கீழே துணி முடிச்சு ஒண்ணு. "இந்தா அப்பு. எங்கய்யாவோடது. இதையும் அந்தக் கண்ணாடியில பாரு."

உள்ளே ரெண்டு சாமான். பச்சைக் களிம்பு ஏறின ஒரு பித்தளை யானை. ரிப்பன் இல்லாத ஒரு வட்ட மெடல். அம்மா வெள்ளையடிச்சப்போ இது மட்டும் தப்பிச்சிருக்கு!

யானையைத் திருப்பினேன். எனக்கு உள்ளே ஏதோ உடைஞ்ச மாதிரி இருந்தது. பின்பக்கம் தட்டை. ஊசிக் குத்துக் குமிழி. ஓரத்தில் அரம் போட்ட கீறல். இப்போதான் பத்து நிமிஷமா 'இப்படி இருந்தா போலி'ன்னு பெரியப்பாவுக்குப் பாடம் எடுத்திருக்கேன். ஹாஸ்டல் நண்பனுக்கு போட்டோ அனுப்பினேன். அவன் ஒரே வார்த்தையில் முடிச்சுட்டான்: "டுபாக்கூர் மச்சி."

ரெண்டு நாள் அதைப் பத்தி யார்கிட்டயும் பேசலை. கடற்கரைப் பக்கம் போய் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பத்தா கேட்டா என்ன சொல்றது?

அப்புறம் கொஞ்சம் படிச்சப்போதான் ஒரு விஷயம் தெரிஞ்சது. இங்கிலாந்துச் சட்டம் இந்தியாவில் செல்லாது! இங்கே இருந்த பட்டாளங்கள் பர்மிங்காமிலிருந்து பேட்ஜ் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கலை. கன்டோன்மென்ட் பஜாரில் இருந்த கன்னாரிடம் கொடுத்து மண் அச்சில் வார்த்து வாங்கிக்கிட்டாங்க. சிப்பாய் அதைத்தான் போட்டான், அதோடதான் சண்டைக்கும் போனான். அப்படி இருக்க, பின்பக்கம் குமிழி இருக்குங்கிறதை மட்டும் வெச்சு நம்ம ஊர் பேட்ஜைப் போலின்னு சொல்ல முடியாது. தேய்மானத்தைத்தான் பார்க்கணும். தினம் தேய்ச்சுப் பளபளன்னு வெச்சா மேடான இடம் முதலில் தேயும். யானை முதுகு, துதிக்கை வளைவு, நெத்தி. பொய்யா வயசாக்கினதில் அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே சீரா இருக்கும். கொள்ளுத்தாத்தா யானையோட முதுகு வழுவழுன்னு தேஞ்சு கிடந்தது. கால் இடுக்கில் மட்டும் எழுத்து மாதிரி கூர்மை. பின்னாடி கொக்கியில் ஒண்ணு உடைஞ்சு, வேற ஈயத்தில் மறுபடி பத்தவெச்சிருக்கு. விற்கிறதுக்காக செய்யறவன் உடைச்சு ஒட்டிக்கிட்டு இருக்க மாட்டான்.

ஆனாலும் பேட்ஜ் எதையும் நிரூபிக்காது. யாரும் யாரோடதையும் எடுத்து வெச்சுக்கலாம். மெடல் அப்படி இல்லை. ரெண்டாம் உலகப்போர் மெடல்களை பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பேர் போடாம மொட்டையா கொடுத்தாங்க. இந்திய சிப்பாய்க்கு நம்பரும் பேரும் பட்டாளமும் அடிச்சுக் கொடுத்தாங்க. வட்ட மெடல்னா விளிம்பில், பர்மா ஸ்டார் மாதிரி நட்சத்திரம்னா பின்பக்கத்தில். பேரை அரத்தால் ராவிட்டு வேற பேர் போடுற தில்லாலங்கடியும் உண்டு. அப்போ குறுக்களவு குறைஞ்சிருக்கும், வெர்னியர் கண்டுபிடிச்சுடும்.

இது 1939-45 வார் மெடல். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் ரெண்டு தலை டிராகன் மேலே நிக்கிற சிங்கம். விளிம்பைச் சுத்தி மெல்லிய பேப்பரை வெச்சு பென்சிலால் தேய்ச்சேன். ஒண்ணொண்ணா எழுத்து வந்தது. முதலில் நம்பர். அப்புறம் சிப்பாய்ங்கிறதோட சுருக்கம். அப்புறம் கொள்ளுத்தாத்தா பேர், வெள்ளைக்கார கிளார்க் கையில் பட்டு ஒரு எழுத்து முழுங்கி. கடைசியில் 'மெட்ராஸ் ஆர்'.

மெட்ராஸ் ரெஜிமெண்ட். அவரோட யானை அசல்தான்.

சந்தோஷம் ஒரு அஞ்சு நிமிஷம்கூட நிக்கலை. பழைய மெட்ராஸ் பட்டாளங்களைக் கலைச்சுட்டு, போர் வந்ததும் 1941, 42-ல்தான் மறுபடி ரெஜிமெண்டை எழுப்பினாங்க. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அங்கே பிடிபட்ட இந்திய சிப்பாய்களும் மலேயா, பர்மா தமிழர்களும்தான் ஐ.என்.ஏ. ஆனாங்க. மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆட்களோ பர்மாவில் சண்டை போட்டது பிரிட்டிஷ் பக்கம். 1944-ல் இம்பால் எல்லையில் ஜப்பான்காரங்களோட சேர்ந்து நேதாஜி படை வந்தப்போ, எங்க கொள்ளுத்தாத்தா நின்னது எதிர்ப் பக்கம். ஐ.என்.ஏ.வில் சேர்ந்த சிப்பாய்களைப் போர் முடிஞ்சதும் சம்பளப் பாக்கியைக்கூடக் கொடுக்காம வெளியே அனுப்பின ராணுவம், அவங்க பேரைப் பொறிச்சு மெடல் அனுப்பி வெச்சிருக்குமா?

நாற்பது வருஷமா பந்தியில் சொல்லிக்கிட்டு இருக்கிற பெரியப்பாகிட்ட இதை எப்படிச் சொல்றது? முதலில் அப்பத்தாகிட்ட போனேன். பென்சில் பேப்பரை விரிச்சு வெச்சு மெதுவா விஷயத்தைச் சொன்னேன்.

அப்பத்தா பாக்கு வெட்டுறதை நிறுத்தவே இல்லை. "எங்கய்யா எப்ப நேதாஜின்னு சொன்னாரு? ஒங்க பெரியப்பன்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறான். அய்யா மழையைச் சொல்லும், அட்டை கடிச்சதைச் சொல்லும். கூடப் போனவுக ரெண்டு பேரு வரலைன்னு சொல்லும். வேற ஒண்ணும் சொல்லாது."

"அப்போ நீங்க ஏன் அப்பத்தா இத்தனை வருஷம் சும்மா இருந்தீங்க?"

"சண்டை முடிஞ்சு வந்தப்ப ஊருல 'வெள்ளைக்காரன் பட்டாளம்'னு கேலி பண்ணியிருக்காக. சுதந்திரம் வந்தப்ப கொடி ஏத்துன எடத்துக்கே அய்யா போகலையாம். எங்காத்தா சொல்லும். அப்புறம் இவன் நேதாஜி நேதாஜின்னதும் ஊரே மதிச்சுது. அது நடந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். சோறு இல்லாமத்தான அப்பு அய்யா பட்டாளத்துக்குப் போச்சு."

கொஞ்ச நேரம் கழிச்சு, "புளி போட்டு வெளக்கட்டுமா? பச்சையா கெடக்கே"ன்னாங்க. பாய்ஞ்சு பிடுங்கினேன். புளி, எலுமிச்சை, பிராசோ எதுவும் வேணாம் ஃப்ரெண்ட்ஸ். மேல்தோலோட சேர்த்து வயசும் போயிடும். எங்க ஊர் உப்புக் காத்துக்குக் களிம்பு வளரத்தான் செய்யும். மெத்துன்னு ஒரு துணியால் துடைச்சு, ஈரம் படாம வெச்சா போதும். அப்புறம் நூறு வயசைத் தாண்டின சரித்திரப் பொருளைத் தனி ஆள் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு 1972 சட்டம் இருக்கு. லண்டன் பத்தாயிரம் ரூபாய் கனவில் இருக்கிறவங்க ஞாபகம் வெச்சுக்குங்க.

உங்க வீட்டில் யாராவது போருக்குப் போய்த் திரும்பலைன்னா, காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் பட்டியலில் பேரைத் தேடலாம். யாங்கோன் பக்கத்தில் தவுக்கியான்ல இருக்கிற ரங்கூன் நினைவுச்சின்னத்தில் மட்டும் கிட்டத்தட்ட 27,000 பேர். உடம்பே கிடைக்காதவங்க. நம்ம சென்னை நந்தம்பாக்கம் கல்லறைத் தோட்டத்திலும் பேர் வெட்டின கல் உண்டு. திரும்பி வந்தவங்களுக்கு அப்படிப் பட்டியல் இல்லை. நம்பர் கையில் இருந்தா ரெஜிமெண்ட் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதிக் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்குத் தலைமையிடம் குன்னூர் பக்கத்தில் வெலிங்டன்.

பெரியப்பாகிட்ட நான் சொல்லலை. அப்பத்தாவே சொல்லிட்டாங்க போல. மறுநாள் காலையில் திண்ணையில் இருந்த பென்சில் பேப்பரைக் காணோம். எங்கே போச்சுன்னு தேடிக்கிட்டு இருந்தா, பெரியப்பா சட்டைப் பையில் நாலா மடிச்சு இருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. டீக்கடைக்குப் போனார், வந்தார், பேப்பர் படிச்சார்.

சாயங்காலம் நான் பை கட்டிக்கிட்டு இருந்தப்போ வாசலில் வந்து நின்னார்.

"ஏப்பா, வெலிங்டனுக்கு மதுரை போயி மாறணுமா, திருச்சி போயி மாறணுமா?"